அம்புவாசியும் ‘தீட்டு’ என்னும் சொல்லும்

அசாம் மாநிலம் குவாகாத்தியில், பிரம்மபுத்திரா ஆற்றை நோக்கிய நீலாசலக் குன்றின்மேல் காமாக்யா கோயில் அமைந்துள்ளது. அங்கு ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில், சூன் 22ஆம் நாளையொட்டி, அம்புவாசி விழா நிகழ்கிறது. தேவி மாதவிலக்கு எய்தும் நாள்களாக இவை கொள்ளப்படுகின்றன. இவ்விழாவைத் தமிழில் பெயர்த்துரைக்கும்போது ‘தீட்டு’ என்னும் சொல் எளிதில் வந்து அமைந்துவிடுகிறது. அச்சொல் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காமாக்யாவின் கருவறையில் உருவச்சிலை இல்லை. யோனி வடிவாகக் கருதப்படும் பாறைப் பிளவும் அதனுள் ஊறும் சுனைநீருமே தேவியாக வழிபடப்பெறுகின்றன. அழிந்திருந்த பழைய கோயிலைக் கோச் மன்னர் நரநாராயணன் காலத்தில் அவர் தம்பி சிலாராய் 1565இல் புதுப்பித்தார். எனினும் வழிபாடு கட்டடத்தினும் தொன்மையானது. காமாக்யா என்னும் பெயர் ஆஸ்திரிக் மொழிச் சொல்லொன்றின் வடமொழியாக்கமாக இருக்கலாம் என்று மொழியியலறிஞர் பாணிகாந்த காகதி 1948இல் வெளியிட்ட நூலில் கருதினார்.

விழாவின்போது கோயில் மூன்று நாள் அடைக்கப்படுகிறது. உழுதல், விதைத்தல், மண்ணை அகழ்தல் ஆகியன தவிர்க்கப்படுகின்றன. பின்னர்த் தேவிக்கு நீராட்டு நிகழ்த்தி நடை திறக்கின்றனர். சுனைநீராகிய அங்கோதகமும் செந்துணியாகிய அங்கவஸ்திரமும் அடியார்க்கு வழங்கப்பெறுகின்றன. பருவமழையில் நனைந்த நிலம் விதையை ஏற்க ஆயத்தமாகும் காலம் இது. விலக்கு இங்கு உண்டு என்பது உண்மையே. ஆயின் அவ்விலக்குக்குக் காரணமான துணியே அருட்பொருளாக வீட்டில் போற்றப்படுகிறது. ‘தீட்டு’ என்னும் சொல் இவ்விரண்டாம் கூற்றை முற்றிலும் மறைத்துவிடுகிறது. தமிழில் அச்சொல் பிறப்பு, இறப்பு ஆகியவற்றால் நேரும் தூய்மைக் குறைவையும் சுட்டுவது என்பதும் கருதற்குரியது.

விழாப் பெயர்களோ வேறு பொருள் தருகின்றன. ‘அம்பு’ வடமொழியில் நீர். ஒடிசாவில் நிலமகள் பூப்பெய்தும் நாள்களாகக் கொண்டாடப்படும் விழா ‘ரஜ’ எனப்படும்; ‘ரஜஸ்’ என்பதன் திரிபாகிய இதனை ‘ராஜ’ என எழுதின் அரசவிழாவாக மயங்க நேரும். கேரளத்துச் செங்ஙன்னூரில் பகவதிக்கு நிகழ்வது ‘திருப்பூத்து’. மூன்று நாள் நடை அடைத்து, நான்காம் நாள் பம்பையாற்றில் ஆறாட்டு நடத்துவர். ‘திரு’ என்னும் அடையும் ‘பூ’ என்னும் வினையடியும் இப்பெயரில் வெளிப்படை. நீர், மலர் ஆகிய இவற்றுள் எதுவும் மாசைச் சுட்டவில்லை. ஆனால் மோனியர் வில்லியம்சின் 1899ஆம் ஆண்டு அகராதி, அம்புவாசி நாள்களில் நிலம் தூய்மையற்றதாகக் கருதப்படும் என்றே விளக்குகிறது. அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர்க்குத் ‘தீட்டு’ தவிர வேறு சொல் தோன்றாது.

மாற்றாகத் தமிழில் ‘பூப்பு’ உள்ளது. இன்றைய வழக்கில் இது பெண்ணின் முதற்பூப்பையே பெரிதும் குறிப்பதால், ஆண்டுதோறும் நிகழும் விழாவுக்கு ஒவ்வாது எனலாம். ஆயின் தொல்காப்பியக் கற்பியலில் இச்சொல் தலைவியின் மாதப் பூப்பையே சுட்டுகிறது. ஆகவே மீள நிகழ்தல் அச்சொல்லின் பழம்பொருளில் அடங்கியதே.

தமிழில் ‘அம்பு’ கணையென மயங்குமாதலின், ‘அம்புவாசி’ என்னும் பெயரை நிறுத்தி, ‘தேவியின் பூப்பு விழா’ என முதலிடத்தில் விளக்கம் தருதல் தகும். நடை அடைப்பையும் உழவுத் தடையையும் ‘விலக்கு’ எனலாம். வழிபடுவோர் வளமென்று போற்றுவதை மொழிபெயர்ப்பு மாசென்று அறிவித்தல் முறையன்று.