இறைவன் முதன்மையும் தீமையின் இருப்பும்

முற்றறிவும் பேராற்றலும் பேரருளும் உடையான் ஒருவன் உலகிற்கு இறைவனாயின், அவனாட்சியில் தீமை நிகழ்வது என்னை? இவ்வினா சமயங்கள் பலவற்றிற்கும் உரியதேனும், கிறித்துவர்க்குப் பெரிதும் இடர் விளைப்பதாகும். கடவுள் உலகையும் உயிர்களையும் இன்மையினின்று படைத்தார் என்பது அவர் கொள்கை. படைப்பிற்கு முன் அவரையன்றிப் பிறிதொன்றும் இல்லையெனின், தீமைக்குக் காரணத்தை எதன்மேல் ஏற்றுவது? இதற்கு அவர் கூறிய விடைகளின் வரலாற்றைக் கடலூர், தில்லை ஆகிய நம் பதிகளின் செய்திகளோடு வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அகுஸ்தீன் (354–430) என்னும் பேராசிரியர் இளமையில் மானிகேயரைச் சார்ந்திருந்தார். ஒளியும் இருளுமாகிய இரு முதற்பொருள்கள் தம்முட் பொருவன என்பது அம்மதத்தார் கோட்பாடு. பின்னர்க் கிறித்துவராகிய அவர், தீமையென ஒரு தனிப்பொருள் இன்று எனவும், நன்மையின் குறைவே தீமை எனவும், உயிர் தன் விருப்புரிமையைப் பிழைபடச் செலுத்துதலால் அது விளையும் எனவும் நாட்டினார். அவர் மனமாற்றத்திற்குத் தாயார் மோனிக்காவின் இடையறா வேண்டுதல் துணையாயிற்று. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியினின்று தமக்கையார் திலகவதியார் வேண்டுதலால் மீண்ட நாவுக்கரசர் சரிதம் ஈண்டு நினைவிற்கு வரும். கல்லிற் பிணித்துக் கடலில் விடப்பட்ட அவர் உய்ந்ததன் அடையாளமாகக் கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் கடலூரில் இன்றும் வழங்குகின்றது.

கால்வின் (1509–1564) இறைமையையே முன்னிறுத்தினார். யாவும் கடவுள் ஆணையின்படி நிகழ்வன. மீட்கப்படுவோரும் கைவிடப்படுவோரும் முன்னரே குறிக்கப்பட்டோர் என்றார். இதனால் இறைமை நிலைபெற்றது. அருளோ ஐயத்திற்கு இடமாயிற்று.

நிற்க. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் வாங்கினர். 1740 முதல் கீர்னாண்டர் என்னும் சுவீடன் நாட்டுப் பாதிரியார் கடலூரில் சமயப்பணி ஆற்றினார். அவர் இங்கிருந்த காலத்தே, 1755 நவம்பர் 1-ஆம் நாள், புனிதர் அனைவர்க்கும் உரிய திருநாளன்று, போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. கோயில்களில் வழிபட்டு நின்றோர்மேல் சுவர்கள் வீழ்ந்தன, கடல் பொங்கியது, தீ பரவியது. இருக்கக்கூடிய உலகங்களுள் இதுவே சிறந்தது என 1710-இல் லைப்னிட்சு நிறுவிய கொள்கையை வால்தேர் எள்ளி எழுதினார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றவே, கீர்னாண்டரும் கடலூரை நீங்கிக் கல்கத்தா சேர்ந்தார். போர் மக்கள் விருப்பத்தால் விளைவது. அதற்கு அகுஸ்தீன் விடை பொருந்தும். நிலம் நடுங்குதற்கு யார் விருப்பம் காரணம்? இவ்விடத்தே அவ்விடை தளர்கின்றது.

தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், சங்கற்ப நிராகரணத்தை 1313-இல் இயற்றியவர். அவர்தம் திருவருட்பயனில் இருண்மல நிலை ஓர் அதிகாரமாகும். ஆணவம் அநாதி, இறைவனாற் படைக்கப்பட்டதன்று, அதனை நீக்குதலே அருளின் தொழில் என்பது சித்தாந்தத் துணிபு. அநாதியான மலம் இறைமைக்கு எல்லையாகாதோ எனின், ஆகாது. அது சடம், இறைவனோடு எதிர்நிற்கும் மற்றோர் இறையன்று. 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர் திருவருட்பயனையும் உடன் பெயர்த்தளித்தார். கிறித்துவ அறிஞர் இவ்விடையை மதித்துக் கற்றமைக்கு இது சான்று.

ஆயினும், நூல்விடை ஒன்று. துயருற்றார் முன் நிற்றல் மற்றொன்று. 2004 டிசம்பர் 26, கிறித்து பிறப்பு விழாவின் மறுநாள். மார்கழிப் பூரணையும் அன்றே. அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கு மேற்பட்டோரைக் கொண்டது. தேவனாம்பட்டினமும் அழிவுற்றது, வேளாங்கண்ணி யாத்திரிகரும் மாண்டனர். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு தன் பின்னிருந்த ஊர்களில் அலையின் வேகத்தைத் தணித்தது. மகவை இழந்தாளிடம் 'இது நின் பாவம்' என்னும் கிறித்துவரும், 'இது நின் வினை' என்னும் சைவரும் ஒருங்கே பிழைசெய்தாராவர். யோபுவின் துன்பத்தைத் தண்டனையென்ற நண்பரைக் கடவுளே கடிந்ததாக விவிலியம் கூறும். சீலோவாம் கோபுரம் வீழ்ந்து மாண்ட 18 பேர் பிறரினும் பாவிகளல்லர் என்பதே இயேசுவின் தீர்ப்பு. வினைக்கொள்கையும் தன் செயலைத் தான் ஆராய்தற்கே உரியது. பிறர் துயரை அளத்தற்கன்று.

தீமை எங்கிருந்து வந்தது என்பதில் இரு சமயத்தாரும் வேறுபடுவர்; தீமையுற்றாரிடத்து இரங்குதல் கடன் என்பதில் வேறுபடார். அவ்விரக்கம் இல்லாதார் கூறும் விடை எத்துணை நுட்பமாயினும் இறைவன் புகழாகாது என்க.

திருச்சிற்றம்பலம்.