மேட்டூர் ஈயமும் மேலே போன காற்றும்

பசுவந்தனைப் பக்கம் அலுமினியச் சட்டியை இன்னும் ஈயச்சட்டின்னுதான் சொல்றோம். தமிழ்நாட்டில் அந்த உலோகத்தை 1965-லிருந்து உருக்கி எடுத்தது மேட்டூர் மால்கோ ஆலை. பாக்சைட் ஏற்காடு மலையிலிருந்து வந்தது.

பாக்சைட்டிலிருந்து பிரித்த அலுமினாவை, சுமார் 960 டிகிரி சூட்டில் கிரையோலைட் குழம்பில் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். அப்போது ஹைட்ரஜன் ஃபுளோரைடு கிளம்பும். அதைப் பிடிக்கவும் அலுமினாப் பொடியே உதவும். பிடிச்சதைத் திரும்பத் தொட்டியிலேயே போட்டுடலாம். ஆனா தொட்டி மூடி திறந்து கிடந்தா புகை வடிகட்டிக்கே போகாது.

தொட்டியில் அலுமினா குறைஞ்சா கார்பன் டெட்ராஃபுளோரைடும் கிளம்பும். அது சுமார் 50,000 ஆண்டு அழியாது. அதனால பயிற்சி பொறியாளருக்கு மட்டும் போதாது. தொட்டியருகே நிற்கிற தொழிலாளிக்கும் வேணும்.

மேட்டூரில் உருக்குவது 2008-ல் நின்றது. அந்தத் தொட்டிகள் விட்ட வாயு இன்னும் மேலேதான் இருக்கு.