டி.என்.ஏ. தடுப்பூசி: சுவாச வைரஸ்களுக்கு எதிரான விலங்குச் சோதனைகள்

டி.என்.ஏ. தடுப்பூசியில் கிருமியும் இருக்காது, கிருமியின் புரதமும் இருக்காது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் எனப்படும் வட்ட வடிவ டி.என்.ஏ.வில் ஏற்றி உடலுக்குள் செலுத்துவார்கள். நம் செல்களே புரதத்தைத் தயாரிக்கும்; நோயெதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டு விழித்துக்கொள்ளும்.

1990இல் அமெரிக்காவின் ஜான் வுல்ஃப் குழுவினர் எலியின் தசையில் வெறும் டி.என்.ஏ.வை ஊசியால் செலுத்தினார்கள். தசைச் செல்கள் அதைப் படித்துப் புரதம் செய்தன. இந்த முறையைச் சுவாச நோய்க்குப் பயன்படுத்தியது மெர்க் நிறுவனத்தின் ஜெஃப்ரி உல்மர், மார்கரெட் லியூ குழு. 1993இல் வெளியான அவர்களது ஆய்வில், 1934ஆம் ஆண்டு இன்ஃப்ளுயன்சா வைரஸின் உட்புரத மரபணுவை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு 1968ஆம் ஆண்டின் ஹாங்காங் வைரஸைத் தொற்றவைத்தார்கள். 34 ஆண்டு இடைவெளியில் வைரஸின் மேற்புரதம் மாறியிருந்தும் எலிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆண்டுதோறும் உருமாறும் ஃப்ளூவுக்கு எதிராக இது பெரிய நம்பிக்கை தந்தது. இத்துறையின் மிக அழகான சோதனை இதுவே.

அதே ஆண்டு ஹாரியட் ராபின்சன், ராபர்ட் வெப்ஸ்டர் குழுவினர் கோழிகளிலும் எலிகளிலும் பாதுகாப்பைக் காட்டினார்கள். டி.என்.ஏ. பூசிய நுண்ணிய தங்கத் துகள்களை 'ஜீன் கன்' என்ற கருவியால் தோலுக்குள் செலுத்தியபோது, சாதாரண ஊசிக்குத் தேவைப்பட்டதைவிட 250 முதல் 2,500 மடங்கு குறைவான டி.என்.ஏ.வே போதுமானதாக இருந்தது.

ஆனால் எலியில் பலித்தது மனித உடலில் அந்த அளவுக்கு எடுபடவில்லை. டி.என்.ஏ. செல்லின் உட்கருவரை போய்ச் சேர வேண்டும்; ஊசியால் ஏற்றியதில் பெரும்பகுதி வழியிலேயே சிதைந்துபோகிறது. எந்த மரபணு என்பதைப் போலவே, அதை எப்படி உள்ளே சேர்ப்பது என்பதும் இங்கே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

பிறகு கொரோனா பரவியது. 2020 மே மாத இறுதியில் சென்னையின் கொரோனா பாதிப்புப் பட்டியலில் இராயபுரம் மண்டலம் முதலிடத்தில் இருந்தது. அங்குள்ள கல்மண்டபம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் விலகி இருப்பது நடக்கிற காரியமல்ல, தடுப்பூசிதான் வழி. அந்த ஆண்டு அகமதாபாத்தின் சைடஸ் காடிலா நிறுவனம் கொரோனாவுக்கான 'சைகோவ்-டி' டி.என்.ஏ. தடுப்பூசியை எலி, கினிப்பன்றி, முயல்களில் சோதித்தது. அடுத்து புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் 20 ரீசஸ் குரங்குகளை ஐந்து ஐந்தாக நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் போலி மருந்து. மற்றவற்றுக்கு 0, 28, 56ஆம் நாள்களில் மூன்று டோஸ். ஊசியில்லாக் கருவியால் 2 மில்லிகிராம் பெற்ற குழுவே சிறந்த பாதுகாப்பைப் பெற்றது.

2021 ஆகஸ்ட் 20 அன்று அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி பெற்ற சைகோவ்-டி, மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பூசி. மனிதச் சோதனையின் இடைக்கால முடிவில் அதன் செயல்திறன் 66.6 சதவீதம். முதலில் வழங்கத் தேர்வான ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மத்திய அரசு வாங்கிய விலை: டோஸுக்கு 265 ரூபாய், கருவிக்குக் கூடுதலாக 93 ரூபாய்.