கையொப்பம் இல்லாத முதற்பதிப்பு

1963 ஜனவரி 14 அன்று லண்டனின் ஹைன்மன் பதிப்பகம் வெளியிட்ட ‘தி பெல் ஜார்’ நாவலின் மேலுறையில் சில்வியா பிளாத்தின் பெயர் இல்லை. விக்டோரியா லூக்காஸ் என்ற புனைபெயரே இருந்தது. நாவலில் உலவுவோர் பலர் அவருடைய தாய்க்கும் உறவினர்க்கும் நன்கு தெரிந்த மனிதர்கள். அவர்கள் மனம் புண்படலாகாது என்பது அம்மறைவின் காரணங்களுள் ஒன்று. நூல் வெளிவந்த 28ஆம் நாள் பிளாத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரோடு அந்நாவல் பிரிட்டனில் வந்தது 1966இல்; அமெரிக்காவில் 1971இல்.

ஆகவே இந்நூலின் கையொப்பமிட்ட முதற்பதிப்பைத் தேடும் சேகரிப்பாளர் விசித்திரமான பொருளொன்றைத் தேடுகிறார். தம் பெயரை எழுதினால் எழுத்தாளர் தம் மறைவைத் தாமே கலைத்தவராவார். 2018இல் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 87,500 பவுண்டுக்கு விலைபோன முதற்பதிப்புப் பிரதி பிளாத்தின் சொந்தப் பிரதியே. அதில் அவர் தம் பெயரையும் ஃபிட்ஸ்ராய் சாலை முகவரியையும் எழுதியிருந்தார். வாசகருக்கு இட்ட கையொப்பம் அன்று அது. தம் புத்தகம் தொலைந்துபோகாதிருக்க எவரும் எழுதிவைக்கும் உடைமைக் குறிப்பு. மறைப்பதற்காக விடப்பட்ட பெயருக்கே அவ்வளவு விலை.

‘ஏரியல்’ தொகுப்பில் இவ்வினாவுக்கே இடமில்லை. 1965இல், மறைவுக்குப் பின், டெட் ஹியூஸ் கவிதைகளின் வரிசையை மாற்றிப் பதிப்பித்த நூல் அது. அதில் பிளாத்தின் கையொப்பம் காணப்படுமாயின் அது போலி.

இவ்வகை எழுத்துக்கு ‘ஒப்புதல்’ என்னும் அடைமொழி நிலைபெறக் காரணம், ராபர்ட் லோவெலின் ‘லைஃப் ஸ்டடீஸ்’ பற்றி எம். எல். ரோசென்தால் 1959இல் எழுதிய மதிப்புரை. அந்நூலிலும் சிக்கல் உண்டு. முதலில் வெளிவந்தது லண்டன் பதிப்பு. ஆனால் லோவெல் தம் குடும்பத்தைப் பற்றி எழுதிய உரைநடை நினைவுக்குறிப்பு அதில் இல்லை, சற்றுப் பின்வந்த அமெரிக்கப் பதிப்பில்தான் உண்டு. முதன்மையை விரும்புவோர் ஒப்புதலின் பெரும்பகுதியை இழக்கிறார்கள்!

இந்தியாவில் இதற்கு நிகரான சுவை கமலா தாஸ் நூல்களில் உண்டு. 1973இல் நூலான ‘என்டெ கதா’வின் ஆசிரியர் பெயர் மாதவிக்குட்டி, ஆங்கிலத்தில் அவர் கமலா தாஸ், 1999இல் இஸ்லாத்தைத் தழுவியபின் கமலா சுரய்யா. பழைய பிரதியொன்றில் சுரய்யா என்ற ஒப்பம் மெய்யாக இருப்பின், நூல் வெளியாகிக் கால் நூற்றாண்டேனும் கழிந்தபின் இடப்பட்டது அது. அச்சிட்ட பெயர் ஒன்று, எழுதிய பெயர் வேறு. கை மட்டும் ஒன்றே.