ஒரு வாரத்துக்குச் சொந்தக்காரர்

டைம்ஷேர் என்ற சொல் நமக்கு ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. சரக்கு என்னவோ ஐரோப்பாவில் விளைந்ததுதான். 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம், பங்கு வாங்கியவர்களுக்கு விடுமுறை வீடுகளில் தங்கும் உரிமையைக் கொடுத்தது. 1967இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில், சூப்பர்தெவொலூயி என்ற பனிச்சறுக்கு ஊரில், அதையே வாரக் கணக்கில் விற்றார்கள். அறையை எதற்கு வாடகைக்கு எடுக்கிறீர்கள், வாங்கிவிடுங்கள், அதுதான் மலிவு என்பது அந்தக் கால விளம்பரத்தின் சாரம். பிரெஞ்சில் இதற்கு "முல்த்திப்ரொப்ரியேத்தே" என்று பெயர் வைத்தார்கள். பலருக்குச் சொந்தம் என்று பொருள். இந்தச் "சொந்தம்" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலையில் முளைத்த சரக்கு சீக்கிரமே கடலுக்கு இறங்கியது. அமெரிக்காவில் இதன் தொடக்கம் 1969இல், ஹவாயைச் சேர்ந்த கவாயி தீவில். பிறகு 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஃப்ளோரிடாவில் கடலோரமாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகள் விற்காமல் நின்றன. முழு வீட்டை வாங்க ஆளில்லை. 52 துண்டாகப் போட்டால் வாங்க ஆள் இருந்தது. 1974இல் ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம், ஒருவருடைய வாரத்தை இன்னொருவர் வாரத்தோடு மாற்றிக்கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. "ஒரே ஊருக்கு வருஷா வருஷம் போக வேண்டுமா?" என்ற கேள்விக்கும் அதோடு பதில் கிடைத்துவிட்டது. அங்கிருந்து இந்த வியாபாரம் கரீபியன் தீவுகளுக்குப் பரவியது.

கணக்குப் பிள்ளை வேலை பார்த்தவனுக்கு இதன் சூட்சுமம் ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும். ஓர் அறை. வருஷத்துக்கு 52 வாரம். பழுது பார்க்க 2 வாரம் போக, மிச்சம் 50. ஒரு வாரம் பத்தாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கு ஐந்து லட்சம் டாலர். அந்தத் தொகைக்கு அதே அறையை மொத்தமாக வாங்க ஒருவரும் வரமாட்டார். சில்லறையில் விற்றால் லாபம் என்பது நம் பெரிய மார்க்கெட்டில் பூசணிக்காயைக் கீற்றுப் போட்டு விற்கிற அம்மாளுக்கும் தெரியும். வித்தியாசம் ஒன்றுதான். பூசணிக்கீற்றுக்கு வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கிடையாது.

2015 பிப்ரவரியில் கரீபியனில் ஒரு தீவைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பிரெஞ்சில் சேன் மர்த்தேன், டச்சில் சின்ட் மார்ட்டன். மொத்தம் 87 சதுர கிலோமீட்டர். வடக்கே பிரெஞ்சு, தெற்கே டச்சு. 1648 மார்ச் 23இல் இரு நாட்டாரும் எழுதிக்கொண்ட உடன்படிக்கை இன்றும் நிற்கிறது. எல்லையில் காவல் கிடையாது, ஒரு கல் தூண்தான். 2007 வரை பிரெஞ்சுப் பக்கம் குவாதலூப்பின் நிர்வாகத்தில் இருந்தது. குவாதலூப் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1853இல் மர்த்தினிக்குக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் "ஒரேலி" என்ற கப்பலில் நம் பக்கத்து ஜனங்கள் போய் இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம். காகிதத்தில் ஐந்து வருஷம் என்று எழுதியிருந்தது, பலருக்கு ஆயுசு முழுவதும் ஆயிற்று. காலத்தை எழுதி விற்கிற காகிதம் எதுவானாலும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்தச் சரித்திரமும் ஒரு காரணம்.

அந்தத் தீவில் டைம்ஷேர் ரிசார்ட்டுகள் பெரும்பாலும் டச்சுப் பக்கத்தில்தான் இருக்கின்றன. விமான நிலையம் அங்கே, டாலர் அங்கே, அமெரிக்கர்கள் இறங்குவதும் அங்கே. ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கடற்கரைகளைச் சொல்கிறேன்.

முதலாவது லிட்டில் பே. தலைநகர் பிலிப்ஸ்பர்க்குக்கு அடுத்த குடா. 1955இல் தீவின் முதல் கடற்கரை ஹோட்டல் எழுந்த இடம். அலை அதிகமில்லாத தண்ணீர், வயதானவர்கள் பயமில்லாமல் இறங்கலாம். ரிசார்ட்டைத் தாண்டிப் போனால் மேட்டில் 1631இல் டச்சுக்காரர் கட்டிய ஆம்ஸ்டர்டாம் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டே சரித்திரமும் பார்க்கிற இடம் என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான்.

இரண்டாவது சிம்சன் பே. விமான நிலையத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரிய காயல். சாப்பாட்டுக் கடைகள் நடை தூரம். படகுகள் உள்ளே போக வர, பாலத்தைத் திறக்கும் நேரத்தில் சாலையில் கார்கள் வரிசையாக நிற்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி மஹோ கடற்கரை. அங்கே விமானங்கள் குளிப்பவர்களின் தலைக்கு மேல் தாழப் பறந்து இறங்கும். பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மத்தியானம் கண்ணயர நினைக்கிறவர்களுக்குத் திண்டாட்டம்.

மூன்றாவது கிழக்கே ஆய்ஸ்டர் பாண்ட் பக்கம். சூரிய உதயம் நம் ஊர்க் கடற்கரையில் பார்ப்பதுபோலவே கடலுக்குள்ளிருந்து எழும். ஆனால் காற்றும் அலையும் பலம். 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கிழக்குக் கரைகளில் கும்பலாக ஒதுங்குகிறது, அழுகினால் நாற்றம் தாங்காது. விளம்பரப் படத்தில் அது வராது. இன்னொன்று, எல்லை இந்த நீர்நிலையின் நடுவில் போகிறதா, கரையோரம் போகிறதா என்று பிரான்சும் ஹாலந்தும் வெகுகாலம் தகராறு செய்து, 2023 மே மாதம்தான் கையெழுத்துப் போட்டன. ராஜாங்கங்களுக்கே தம் எல்லை தெரியாத நேரத்தில், அதன் அருகில் வாரம் வாரமாகச் "சொந்தம்" விற்பனையானது.

மூன்றில் எது சிறந்தது என்றால் அவரவர் உடம்பையும் ருசியையும் பொறுத்தது. ஆனால் மணலையும் நீச்சல் குளத்தையும் ஒப்பிடுவது ஒப்பீட்டின் பாதிதான். மறுபாதி காகிதம்.

காகிதம் பல வகை. ஹவாய், ஃப்ளோரிடா மாதிரி இடங்களில் பெரும்பாலும் பத்திரம் பதிவு செய்து, அறையின் ஒரு பங்கையே கொடுப்பார்கள். அது காலவரை இல்லாதது, வாரிசுக்குப் போகும். கரீபியனில் பல இடங்களில் கிடைப்பது குறித்த வருஷங்களுக்குத் தங்கும் உரிமை மட்டும், நம் ஊர்க் குத்தகை மாதிரி. பிரான்சில் மூன்றாவது வகை. கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், நீங்கள் அந்தக் கம்பெனியில் பங்குதாரர். 1986 ஜனவரி 6ஆம் தேதிச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. அந்தச் சட்டத்தில் நான் மிகவும் ரசித்த விதி ஒன்று உண்டு. விளம்பரத்தில் இப்படி வாங்குகிறவரை "ப்ரொப்ரியேத்தேர்", அதாவது சொந்தக்காரர், என்று அழைக்கக் கூடாது என்று அது தடை போட்டது. அவருக்கு இருப்பது "ழுயிசான்ஸ்". நம் பழைய பத்திரங்களின் தமிழில் சொன்னால் அனுபவ பாத்தியதை. இருபது வருஷம் கழித்தாவது, அந்த ஊரிலேயே, சொந்தம் என்ற சொல்லை வாபஸ் வாங்கினார்கள்.

அதே 1986இல், ஜூலை 11ஆம் தேதி, இன்னொரு சட்டம் வந்தது. மந்திரி பொன்ஸ் பெயரால் வழங்குவது. கடல் கடந்த பிரதேசங்களில் முதலீடு செய்கிற பிரெஞ்சுக்காரருக்கு வரிச் சலுகை. சேன் மர்த்தேனின் பிரெஞ்சுப் பக்கத்தில் ஹோட்டல்கள் மளமளவென்று எழுந்தன. 1982இல் சுமார் 8,000 ஆக இருந்த ஜனத்தொகை 1990இல் 28,000ஐத் தாண்டியது. ஆக, ஒரே தீவில், டச்சுப் பக்கம் அமெரிக்கருக்கு விடுமுறை வாரம் விற்றது, பிரெஞ்சுப் பக்கம் பாரீஸ்காரருக்கு வரிக்கழிவு விற்றது. இரண்டிலும் வாங்கியவர் அங்கே குடியிருக்கப் போகிறவர் இல்லை. 1995 செப்டம்பரில் லூயி புயல் அடித்தபோது பிரெஞ்சுப் பக்கம் லா பெல் க்ரெயோல் என்ற பெரிய ஹோட்டல் சிதைந்தது. அதன் பிறகு அது திறக்கவே இல்லை. நான் போன வருஷமும் பாழாகத்தான் நின்றது.

இந்தக் காகித விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து போனது. என் அக்காள் வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சேவை முடித்து, பிரான்சிலேயே தங்கிவிட்டவர். எழுபதுகளில் ஆல்ப்ஸ் பக்கம் ஒரு மலை ஊரில் மார்ச் மாதத்து ஒரு வாரத்தை வாங்கினார். பிள்ளைகள் சின்ன வயதில் சந்தோஷமாகப் போய் வந்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. 2013இல் அவர் காலமானார். பங்குகள் அக்காளுக்கு வந்தன, கூடவே வருஷக் கட்டணமும் வந்தது. முழங்கால் வலியோடு பனியில் நடக்க முடியாத எழுபத்தெட்டு வயதுக்காரி, பார்க்காத பனிக்குப் பணம் கட்டினாள். விற்கப் பார்த்தோம். ஒரு யூரோவுக்குக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. கிரயப் பத்திரங்களில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்து" என்று எழுதுவார்களே, இங்கே அனுபவம் நின்றுபோய் கட்டணம் மட்டும் பாரம்பரியமாய் வரும் போலிருந்தது. நல்லவேளை, 2009இலும் 2014இலும் பிரெஞ்சுச் சட்டம் விலகும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. வாரிசாகப் பங்கு வந்தவர் குறித்த காலத்துக்குள் கேட்டால் விலகலாம் என்று ஆயிற்று. பதிவுத் தபால் போட்டு, அக்காள் விடுபட்டாள்.

அடுத்த வருஷம்தான் அந்தத் தீவுப் பயணம். அக்காள் மகனோடு வேலை பார்க்கும் ஒருவர் தம் வாரத்தை வாடகைக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை இலவசச் சிற்றுண்டி என்று அழைத்துப்போய், இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். பையன் மனம் சாய்ந்துவிட்டது.

"மாமா, மலையில அம்மா பட்டது வேற. இது கடல். நாம வரலைன்னாலும் வாடகைக்கு ஆள் வரும்" என்றான்.

"வரட்டும்பா. முதல்ல காகிதத்தைக் காட்டச் சொல்லு" என்றேன்.

விற்பனைக்காரர் வாய்க்கு வாய் "ஓனர்" என்றார். காகிதத்தில் தேடினேன். இத்தனை வருஷம் தங்கும் உரிமை என்று இருந்தது, சொந்தம் என்ற சொல் இல்லை. வருஷக் கட்டணம் உண்டு, அதற்கு உச்சவரம்பு இல்லை. புயலில் சேதமானால் தனிக் கட்டணம் கேட்கலாம் என்று ஒரு வரி. ராத்திரி படித்துவிட்டு வருகிறோம் என்றதற்கு, இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றார். பிரெஞ்சுப் பக்கத்தில், ஐரோப்பியச் சட்டப்படி கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாள் யோசித்து விலகலாம். அந்த 14 நாளுக்குள் முன்பணம் வாங்கவும் கூடாது. அதே தீவில் கல் தூணுக்குத் தெற்கே அந்தச் சட்டம் எட்டாது. இதைச் சொன்னேன். அக்காள் அதுவரை பேசாமல் காப்பி குடித்துக்கொண்டிருந்தவள், "காலையில ஒரு வெல, சாயங்காலம் ஒரு வெலைன்னா அது மீன் கடைடா, எழுந்திரு" என்றாள். எழுந்தோம்.

மறு வருஷமும் அவன் அதே நண்பரிடம் வாரத்தை வாடகைக்கு எடுத்தான். கொடுத்தது அவருடைய வருஷக் கட்டண அளவுதான். 2017 செப்டம்பர் 6ஆம் தேதி இர்மா புயல் அந்தத் தீவில் மணிக்கு 295 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. நம் தானே புயலைப் பார்த்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொள்ளலாம். விமான நிலையக் கட்டடமே பிய்ந்துபோனது. அந்த நண்பர் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தீவுக்குப் போகவில்லை. கட்டணச் சீட்டு மட்டும் தவறாமல் வந்தது.

டைம்ஷேரே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே இடத்துக்கு வருஷம் தவறாமல் போகிற குடும்பத்துக்கு, உடம்பில் தெம்பு இருக்கிற வரை, அது நல்ல ஏற்பாடாகவும் இருக்கலாம். கடற்கரையை ஒப்பிடும்போது காகிதத்தையும் ஒப்பிடுங்கள் என்பதுதான் செய்தி. எத்தனை வருஷம், வருஷக் கட்டணத்தை யார் உயர்த்துவது, புயலுக்குப் பிறகு யார் செலவு, விலக வழி என்ன, நமக்குப் பின் யார் தலையில். இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருந்தால், பிறகு மணலின் நிறத்தைப் பார்க்கலாம்.

நம் ஊரில் சொல்தா குடும்பங்கள் பலவற்றில் பழைய பிரெஞ்சுக் காகிதங்கள் பீரோவில் கிடக்கும். அதில் "ழுயிசான்ஸ்" என்றோ "தான் பர்த்தாழே" என்றோ கண்ணில் பட்டால், வீட்டுப் பத்திரம் என்று நினைத்துத் திரும்ப வைத்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு விவரம் சொல்லி வையுங்கள். வாரிசு விலகுவதற்குக் காலக்கெடு உண்டு, அது பெரியவர் போன நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.