ஊராட்சி போய் மாநகராட்சி ஆன முத்தையாபுரம்: எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்? முழு விவரம்

தூத்துக்குடி:

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பிரசிடெண்ட் வீட்டு வாசலில் போய் நின்றால் போதும். முத்தையாபுரத்தில் ஒரு காலத்தில் இதுதான் வழக்கம். ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஆகியும், எந்த குறையை யாரிடம் சொல்வது என்ற குழப்பம் மட்டும் இன்னும் பலருக்கு தீரவில்லை. மனு தவறான ஆபீசுக்கு போனால், "இது எங்க வேலை இல்லை" என்ற ஒரே பதிலோடு திரும்பி வந்துவிடும். அதற்குள் அடுத்த மழையும் வந்துவிடும்.

13 சதுர கி.மீ. 90 ஆனது

தூத்துக்குடி 1866-ம் ஆண்டு நகராட்சி ஆனது. 142 ஆண்டுகள் கழித்து, 2008 ஆகஸ்டு 5-ந்தேதி மாநகராட்சியாக தரம் உயர்ந்தது. அப்போது அதன் பரப்பு 13.47 சதுர கிலோ மீட்டர்தான்.

2011-ல் முத்தையாபுரம், அத்திமரப்பட்டி, மீளவிட்டான், சங்கரப்பேரி, தூத்துக்குடி ரூரல் ஆகிய 5 ஊராட்சிகள் மாநகராட்சியோடு இணைந்தன. பரப்பு ஒரே அடியாக 90.66 சதுர கிலோ மீட்டர் ஆனது. இணைந்த பகுதிகளையும் சேர்த்தால் 2011 கணக்கெடுப்புப்படி மக்கள் தொகை சுமார் 3 லட்சத்து 72 ஆயிரம். மொத்தம் 60 வார்டுகள், கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என 4 மண்டலங்கள். முத்தையாபுரம் தெற்கு மண்டலத்தில் வருகிறது.

திருச்செந்தூர் ரோட்டில் உள்ள இந்த ஏரியாவை சுற்றி ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் ஸ்பிக் உரத்தொழிற்சாலை, கடல் பக்கம் துறைமுகமும் அனல்மின் நிலையமும். துறைமுகம் 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு வேலை தேடி வந்து குடியேறியவர்கள் ஏராளம். ஊர் பெயரளவில் கிராமமாக இருந்ததே தவிர, நிஜத்தில் அப்போதே டவுன் ஆகிவிட்டது.

வந்தது என்ன? போனது என்ன?

மாநகராட்சி என்றால் பெரிய பட்ஜெட், தனி சுகாதார பிரிவு, என்ஜினீயர்கள், வல்லநாட்டில் இருந்து வரும் தாமிரபரணி குடிநீர் என்று பல வசதிகள் உண்டு. அதே நேரத்தில் சில உரிமைகள் கையை விட்டு போயின.

முதலாவது கிராமசபை. ஊராட்சியில் ஓட்டுரிமை உள்ள எவரும் கிராமசபையில் எழுந்து நின்று வரவு செலவு கணக்கு கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதியும் நிச்சயம். மாநகராட்சிக்குள் கிராமசபை கிடையாது.

இரண்டாவது 100 நாள் வேலை. 2008 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வந்த இந்த திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஊராட்சி என்ற பெயர் போனதும் அந்த வேலையும் போனது. 2025 தொடக்கத்தில் தமிழகம் முழுவதும் பல ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைக்க அரசு முடிவு செய்தபோது, பல ஊர்களில் மக்கள் எதிர்ப்பு தெரிவித்ததற்கு முக்கிய காரணமே இதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது வரி. ஊராட்சியில் கட்டிய வீட்டு வரி, மாநகராட்சி சொத்து வரி ஆனது.

5 வருஷம் கவுன்சிலரே இல்லை

2011-ல் தேர்வான கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த உள்ளாட்சி தேர்தல் அறிவிப்பை சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அதன் பிறகு 2022 பிப்ரவரி 19-ந்தேதிதான் நகர்ப்புற உள்ளாட்சி தேர்தல் நடந்தது. மார்ச் 4-ந்தேதி ஜெகன் பெரியசாமி மேயர் ஆனார்.

இடையில் 5 ஆண்டுகளுக்கும் மேலாக தனி அதிகாரி நிர்வாகம்தான். பிரசிடெண்டும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. எந்த குறையாக இருந்தாலும் நேரடியாக ஆபீஸ் படிதான் ஏற வேண்டும். புதிதாக இணைந்த பகுதிகளுக்கு இது பெரிய அடி.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியின் புறநகர் பகுதிகள் தண்ணீரில் மிதந்தன.

ஸ்ரீவைகுண்டம் அணையில் இருந்து வரும் தாமிரபரணி வடகாலின் கடைசி பகுதியில் இருப்பது இந்த கோரம்பள்ளம் குளம். அது நிரம்பினால் உபரி தண்ணீர் உப்பாத்து ஓடையில் இறங்கி, முத்தையாபுரம் பக்கமாக உப்பளங்களை தாண்டி கடலுக்கு போக வேண்டும். ஓடையில் சீமைக்கருவேலமும் மண் மேடும் அடைத்துக்கொண்டால், வேகமாக வரும் தண்ணீர் வயலுக்கும் வீட்டுக்கும்தான் திரும்பும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தெருவுக்குள் இருக்கும் மழைநீர் வடிகால் மாநகராட்சி பொறுப்பு. கோரம்பள்ளம் குளமும் உப்பாத்து ஓடையும் நீர்வளத்துறை பொறுப்பு. திருச்செந்தூர் ரோடு நெடுஞ்சாலைத்துறை பொறுப்பு. தெரு வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஓடை அடைத்திருந்தால் தண்ணீர் நகராது. எனவே மழைக்கு முன்பே இந்த 3 துறைகளுக்கும் தனித்தனியாக மனு கொடுப்பதே சரி.

எதற்கு எங்கே போக வேண்டும்?

குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் குழாய், உள்தெரு ரோடு, கொசு மருந்து: முத்தையாபுரத்தில் உள்ள மாநகராட்சி தெற்கு மண்டல ஆபீஸ். வார்டு கவுன்சிலரிடமும் சொல்லலாம்.

சொத்து வரி, வரி பெயர் மாற்றம், வீட்டு பிளான் அனுமதி: இதற்கும் மாநகராட்சிதான்.

பிறப்பு, இறப்பு பதிவு: வீட்டில் நடந்திருந்தால் 21 நாட்களுக்குள் மாநகராட்சி சுகாதார பிரிவில் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்தால் ஆஸ்பத்திரியே தெரிவித்துவிடும்.

பட்டா, வருமான சான்று, சாதி சான்று: வருவாய்த்துறை, அதாவது வி.ஏ.ஓ., தாசில்தார் ஆபீஸ். மாநகராட்சிக்கு இதில் சம்பந்தம் இல்லை.

கரண்ட் கட், சாய்ந்த மின்கம்பம்: மின்வாரியம். மின்னகம் எண் 94987 94987. 24 மணி நேரமும் பேசலாம்.

மழை, வெள்ள ஆபத்து: மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077.

எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. அல்லது கோரம்பள்ளத்தில் உள்ள கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அங்கே எல்லா துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

வரியில் 5 சதவீதம் மிச்சம்

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது, 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1,200 வரை 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் கூடியது.

சொத்து வரி ஆண்டுக்கு 2 தவணை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5 ஆயிரம் ரூபாய். வீட்டின் அளவை தவறாக போட்டிருந்தால், ரசீதையும் பத்திர நகலையும் வைத்து மறு அளவீடு கேட்டு மனு கொடுக்கலாம்.

கிராமசபைக்கு பதில் பகுதி சபை

கிராமசபை போனாலும் அதற்கு பதிலாக நகர்ப்புறத்துக்கு பகுதி சபை வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1-ந்தேதி, உள்ளாட்சி தினத்தன்று தமிழகம் முழுவதும் முதல் கூட்டம் நடந்தது. தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். அந்தந்த பகுதி வாக்காளர்கள் தெரு பிரச்சினையை இதில் பேசி பதிவு செய்யலாம். கூட்ட தேதியை கவுன்சிலரிடமோ மண்டல ஆபீசிலோ முன்கூட்டியே கேட்டு தெரிந்துகொள்வது நல்லது. போகாவிட்டால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது என்பதால், 5 ஆயிரம் ரூபாய் நிவாரணம் தரும் திட்டம் 2022-ல் தொடங்கியது. இதற்கு தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவுக்கு மாநகராட்சிக்கு அலைய வேண்டாம், தொழிலாளர் துறை ஆபீசுக்குத்தான் போக வேண்டும்.

மனு கொடுக்கும்போது கவனிக்க

மனுவில் தெரு பெயர், வார்டு எண், மின்கம்ப எண் போன்ற அடையாளங்களை எழுத வேண்டும். ஒரு மனுவில் ஒரே ஒரு குறை. தெருக்காரர்கள் 10 பேர் கையெழுத்து போட்டால் இன்னும் நல்லது. போட்டோ இருந்தால் சேர்க்கலாம். ரசீது அல்லது மனு எண் வாங்காமல் திரும்பி வரக்கூடாது.

பதில் வராவிட்டால் தகவல் உரிமை சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த எண்ணை குறிப்பிட்டு, "என் மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்களுக்கு இந்த 10 ரூபாயும் கிடையாது.

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஓடையும் வடிகாலும் தூர்வார கேட்டு மனு கொடுப்பவர்கள், ஆகஸ்டு மாதத்துக்குள் கொடுத்துவிட்டால்தான் மழைக்கு முன்பு வேலை நடக்க வாய்ப்பு உண்டு.