சேலத்துக் கள்ளுக்கடை: அடைப்பும் திறப்பும்

தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235ஆம் பாடலாக இருக்கிறது. அவனுடைய கொடையைச் சொல்லப் புகுந்த ஔவை, பொன்னையோ யானையையோ முதலில் நினைக்கவில்லை, கள்ளைத்தான் நினைக்கிறார். கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்பது அதன் பொருள். அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டத்தின் மூலம் முழு மதுவிலக்குக்கு உட்பட்ட முதல் மாவட்டமும் அதே சேலம்தான் என்பது வரலாற்றின் விளையாட்டு.

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் யாவும் அப்போது சேலத்துக்குள் அடங்கியிருந்தன. ராஜாஜியின் அமைச்சரவை பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மூடப்பட்ட அந்தக் கடை எப்படிப்பட்டது? ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு கீற்றுக் கொட்டகை. வேலியோரப் பனையிலும் தோட்டத்துத் தென்னையிலும் பாளை சீவி இறக்கிய கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர். கொங்கு வழக்கில் அது தெளுவு. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகிவிடும். ஆக, தெளுவுக்கும் கள்ளுக்கும் இடையே இருந்தது ஒரு விரற்கடைச் சுண்ணாம்புதான். ஆனால் அந்த எளிய பொருளின்மேல் ஓர் அரசாங்கமே உட்கார்ந்திருந்தது. 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டத்தின்கீழ் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலம் எடுத்த குத்தகைதாரர் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். குடிப்பவன் கூடுதலாகக் குடித்தாக வேண்டும். மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இவ்வழியில் வந்தது. கிராமத்துக் கள்ளுக்கடையை வெறும் பழைய மரபின் எச்சமாகப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதியமானின் கள்ளுக்கும் அப்காரிக் கள்ளுக்கும் இடையில் ஏலக்காரர் நிற்கிறார்.

இந்த மண்ணில் கடைக்கு எதிரான வேலை 1937க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நடத்திய பெரியார், சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் செய்தார். மறியலில் அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர் நூற்பும் தீண்டாமை ஒழிப்பும் போலவே மதுவிலக்கும் ஆசிரமத்தின் அன்றாட வேலை. அங்கிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு மாத இதழ் வந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக இருந்தவர் கல்கி. பின்னாளில் லட்சக்கணக்கான வாசகர்களை ஈர்த்த நடை, நாமக்கல் வட்டாரத்துக் குடியானவனைக் கடையிலிருந்து திருப்புவதற்கும் உழைத்திருக்கிறது. நம் இதழியல் வரலாற்றில் இன்னும் கவனிக்கப்பட வேண்டிய செய்தி இது.

1937இன் அடைப்பு ஓரளவு பயன் தந்தது என்றே சொல்ல வேண்டும். கூலி வீடு வந்து சேர்ந்தது. கடைக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியது. கடைகள் இருந்த ஊர்களில் தேநீர்க் கடைகள் முளைத்தன. ஆனால் சட்டத்தின் மேற்கு எல்லை காவிரி. பள்ளிபாளையத்தில் குற்றமாக இருந்தது, பாலத்தைக் கடந்தால் அன்றைய கோவை மாவட்டத்து ஈரோட்டில் குற்றமில்லை. மரமேறிகளின் நிலை இன்னும் கடினம். வெல்லம் காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்கள் அவர்களுக்கென ஏற்படுத்தப்பட்டன என்றாலும், கள் தந்த வருமானத்தைக் கருப்பட்டி தரவில்லை.

மதுவிலக்கு சித்தூர், கடப்பை, வடஆற்காடு என்று விரிந்தபோது, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. கடை மூடியதால் பிறந்த வரி அது. கடைகள் மறுபடி திறந்தன, வரி நின்றுவிடவில்லை.

திறப்பின் கதை சுருக்கமானது. காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பின் ஆண்ட ஆலோசகர் ஆட்சி 1943இல் மதுவிலக்கை நிறுத்தியது. விடுதலைக்குப் பின் 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மாகாணம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன. 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைக்க முடிவு செய்தபோது, 92 வயது ராஜாஜி முதலமைச்சரின் வீட்டுக்கே சென்று வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறந்தன. 1921இல் மரம் வெட்டிய பெரியார் பிற்காலத்தில் மதுவிலக்கையே எதிர்த்தார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இரண்டும் திறந்தன. 1987இல் கள் மறுபடி நின்றது. அதன்பின் அது திரும்பவேயில்லை.

நின்றது கள்தான், குடியல்ல. 1983இல் மொத்த வணிகத்துக்காக ஏற்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. ஏலக்காரர் போனார், அரசே கடைக்காரர் ஆனது. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் இதன்மூலம் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கள்ளுக்கடையில் செலவான காசில் ஒரு பங்காவது உள்ளூர் மரமேறிக்கும் தோட்டக்காரருக்கும் போயிற்று. ஆலையிலிருந்து லாரியில் வந்திறங்கும் புட்டியில் அந்தப் பங்கும் இல்லை. கள் உணவே, போதைப்பொருள் அல்ல என்று செ. நல்லசாமியின் கள் இயக்கம் நெடுங்காலமாக வாதாடி வருவதன் நியாயம் இங்கேதான் வேர்கொள்கிறது. அதே சமயம் 2024 ஜூனில், சேலத்தை ஒட்டிய கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்தில், புட்டி வாங்கக் கட்டுப்படியாகாத கூலியாட்கள்தாம் அந்தப் பாக்கெட்டை வாங்கினார்கள்.

கள்ளைத் திறக்கலாமா என்ற விவாதத்தில் இரு தரப்பும் சங்கப் பாடலையும் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தையும் மாறி மாறி எடுத்து வைக்கின்றன. நான் கேட்க விரும்புவது வேறு. தொண்ணூறு ஆண்டுகளாக இந்தச் சமவெளியில் கடையை மூடியவர்களும் திறந்தவர்களும் கருவூலத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ராஜாஜி போன்ற சிலர் குடிப்பவனின் வீட்டையும் கணக்கிட்டார்கள். பனையேறியின் கணக்கை எந்த அரசும் இறுதிவரை போட்டுப் பார்க்கவில்லை. நாமக்கல் பக்கத்து வேலிகளில் பனைகள் இன்னும் நிற்கின்றன. ஏறத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இனி ஒரு நாள் சட்டம் மாறினாலும், பாளை சீவ ஆள் இருப்பார்களா என்பதுதான் கேள்வி.